குழந்தை தானாக உட்காருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். நான்கு மாதத்திலிருந்து பத்து மாதம் வரையான குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள், அப்பாக்கள், பாட்டிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வரிசையில் காத்திருக்கும்போது மனதில் அடுக்கி வைத்திருப்பார்கள். என் எதிரே வந்ததும் பாதி மறந்துவிடும். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "மேடம், இன்னும் ஒண்ணு" என்பார்கள். அந்த "இன்னும் ஒண்ணு"களைத்தான் அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகின்றன. குழந்தையைப் பற்றி ஏற்கெனவே மனதில் பயம் இருப்பவர்கள் கடைசி மூன்று கேள்விகளை முதலில் படித்துவிடுங்கள்.

குழந்தை எத்தனை மாசத்துல உட்காரும்?

சராசரியாக ஆறு மாதம். ஆனால் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்றாக வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தியாவில் அந்த ஆய்வு நடந்த இடம் டெல்லி. பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கு அவர்கள் கண்ட கால அளவு 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. அதாவது, நல்ல ஆரோக்கியமான இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் ஐந்து மாத வித்தியாசம்கூட இருக்கலாம்.

அதனால் பக்கத்து வீட்டுக் குழந்தை ஐந்தரை மாதத்தில் உட்கார்ந்தது, நம் குழந்தை ஏழு மாதமாகியும் உட்காரவில்லை என்றால், அந்த ஒரு காரணத்துக்காகப் பதற வேண்டியதில்லை. குழந்தை மாதத்துக்கு மாதம் முன்னேறுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கையை ஊனிக்கிட்டு தவளை மாதிரி உட்கார்றான். அது உட்கார்ந்த கணக்கா?

அது பாதி வழி. மேலே சொன்ன ஆய்வில் "உட்கார்ந்தது" என்று எழுத, குழந்தை கையை எதிலும் ஊன்றாமல், தலை நிமிர்ந்து, முதுகு நேராகப் பத்து நொடியாவது இருக்க வேண்டும். முதலில் இடுப்பைப் பிடித்தால் உட்காருவார்கள். பிறகு இரண்டு கையையும் முன்னால் ஊன்றுவார்கள், அப்புறம் ஒரு கை போதும் என்றாகும், கடைசியில் இரண்டு கையும் விடுபடும். படுத்த நிலையிலிருந்து தானே எழுந்து உட்காருவது இதற்கெல்லாம் பிறகு, பலருக்கு எட்டு, ஒன்பது மாதத்தில் வரும்.

நம் பிள்ளைத்தமிழ் மரபு இதை மிக நுணுக்கமாகக் கவனித்திருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் குழந்தை. ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணிப் பருவம்: உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டும் குழந்தை. தரையில் ஊன்றிய கை தட்டுவதற்கு விடுபட நடுவில் நான்கு மாதம். நான் அளவுநாடா இல்லாமல் பார்ப்பதும் இதைத்தான். கை விடுபட்டுவிட்டதா, அது வேறு வேலைக்குப் போகிறதா?

உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன வந்திருக்கணும்?

முதலில் கழுத்து நிற்க வேண்டும். குழந்தையைத் தோளில் சாய்க்காமல் நேராகத் தூக்கிப் பிடித்தால் தலை ஆடாமல் நின்று, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நான்கு மாதத்தில் இது வந்துவிடும்.

அடுத்து, குப்புறப் படுத்தால் கையை ஊன்றி நெஞ்சைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். மூன்றாவதாக, புரள வேண்டும். புரளும்போது இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவில் இருக்கும் பக்கவாட்டுத் தசைகள் வேலை செய்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது ஒருபக்கமாகச் சாய்ந்தால் நிமிர்த்துவதும் அதே தசைகள்தான். குப்புற விழாமலே உட்கார்ந்துவிடும் குழந்தைகளும் உண்டு. அதனால் இதைத் தேர்வு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்து மட்டும் கட்டாயம்.

குப்புறப் போட்டா ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேங்கறா, கத்தறா. என்ன பண்றது?

ஒரு நிமிடம் இருந்தால் ஒரு நிமிடம் போதும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போடுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, எல்லாம் சேர்த்து நாளைக்கு அரை மணி நேரமாவது குப்புறக் கிடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் என்று அதற்குப் பொருள் இல்லை. தூங்க வைக்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

தரையில் கத்தும் குழந்தை உங்கள் நெஞ்சின் மேல் கத்தாது. நீங்கள் சாய்ந்து படுத்து மேலே போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிமார் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் குப்புறப் போட்டு முதுகுக்குத் தண்ணீர் ஊற்றுவார்களே, அந்த நேரமும் இந்தக் கணக்குதான். குழந்தை தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். அந்தக் குளியலில் நான் வேண்டாம் என்பது மூக்கில், காதில் எண்ணெய் விடுவதையும், வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதையும்தான். காலில் குப்புறப் போடுவதை விட்டுவிடாதீர்கள்.

தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைக்கலாமா? முதுகு கூன் விழுந்துடும்னு மாமியார் சொல்றாங்க.

கூன் விழாது. பிறந்த குழந்தையின் முதுகெலும்பு முழுக்கவே ஒரே வளைவுதான். கழுத்து நிற்கும்போது கழுத்தில் எதிர்வளைவு வருகிறது. உட்கார்ந்து நிற்கப் பழகும்போது இடுப்பில் வருகிறது. புதிதாக உட்காரும் குழந்தை கொஞ்சம் கூனித்தான் உட்காரும், தசை வலுத்தால் நிமிர்ந்துவிடும்.

ஆனாலும் மாமியார் சொல்வதில் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நான்கு பக்கமும் தலையணை அடைத்து உட்கார வைத்தால் குழந்தையைத் தாங்குவது தலையணைதான், தசைக்கு வேலையே இல்லை. பத்து நிமிடத்தில் சரிந்து, முகவாய் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருக்கும். சின்னக் குழந்தைக்கு மூச்சுவிடவே சிரமமாகும் நிலை அது. தலையணை வைப்பதானால் விழுந்தால் மெத்தென்று விழுவதற்காகப் பின்னால், ஒரு சாண் தள்ளி வையுங்கள். சாய்ந்து கொள்வதற்காக ஒட்டி வைக்காதீர்கள். அப்படியே தூங்கிவிட்டால் உடனே எடுத்துப் பாயில் மல்லாக்கப் போடுங்கள்.

அப்போ நான் என்னதான் செய்யணும்? தினமும் செய்ற மாதிரி சொல்லுங்க.

கட்டில் வேண்டாம், தரை போதும். டைல்ஸ் வழுக்கும், அதனால் கோரைப்பாய் அல்லது இரண்டாக மடித்த ஜமக்காளம். காலை நீட்டி விரித்து உட்காருங்கள். நடுவில் குழந்தையை, முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். உங்கள் தொடைகள் இரண்டும் அதற்கு வேலி. இப்போது கை எங்கே பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். முதல் வாரம் விலாவைப் பிடியுங்கள். தலையும் தோளும் ஆடாமல் நின்றால் அடுத்து இடுப்புக்கு இறக்குங்கள். அதிலும் நின்றால் தொடைக்கு இறக்குங்கள். பிடி கீழே இறங்க இறங்க, அதற்கு மேலே இருக்கும் உடம்பையெல்லாம் குழந்தையே தாங்கியாக வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் எத்தனை மாதம் செய்தாலும் பலனில்லை.

பிறகு முன்னால் ஏதாவது வையுங்கள். ஏழு மாதக் குழந்தை ஒருத்தியை அழைத்து வந்திருந்தார்கள். வீட்டில் முட்டுக் கொடுத்தே பழக்கியிருந்ததால், கையை எடுத்தவுடன் பின்னால் சாய்ந்து விடுவாள். எங்கள் தேநீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கழுவி அவள் எதிரே கவிழ்த்து வைத்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் விரல்கள் பாயைக் கவ்வின. வலது கையைப் பாயில் அழுத்திக்கொண்டு இடது கையை நீட்டினாள். நடுவிரல் நுனி டம்ளரில் பட்டதும் அது உருண்டது. உருண்டதைப் பார்க்கத் தலை திரும்பியது, உடம்பும் கூடவே திரும்பியது, பின்னால் சாயவில்லை. நான்கைந்து நொடி இருக்கும். பக்கத்தில் நின்ற அவள் அம்மா மூச்சையே விடவில்லை.

பொருளை முதலில் நேர் எதிரே, கால்களுக்கு நடுவில் வையுங்கள். அது சுலபமானதும் கொஞ்சம் பக்கவாட்டில், அப்புறம் கண் உயரத்தில். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. பால் குடித்த உடனே வேண்டாம், தூக்கம் வரும் நேரத்திலும் வேண்டாம். முகம் சிவந்து, உதடு பிதுங்க ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும்.

வேலை நடுவிலும் செய்ய வழி இருக்கிறது. இடுப்பில் தூக்குங்கள். இரண்டு காலையும் விரித்து உங்கள் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் குழந்தை, நீங்கள் குனிய, திரும்ப, நடக்க, ஒவ்வொன்றுக்கும் தன் உடம்பைச் சரிசெய்துகொண்டே இருக்கும். கழுத்து நின்ற குழந்தைக்கு இதைவிட நல்ல பயிற்சியை என்னாலும் தர முடியாது. மடியில் வைத்துப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து, அது நிமிரும்வரை பொறுத்து, மறுபக்கம் சாய்ப்பதும் அப்படித்தான். சாய்ந்தாட விடுவது என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. வேகமாக ஆட்டாதீர்கள், நிமிர்வதற்கு நேரம் கொடுங்கள்.

கையைப் பிடிச்சு இழுத்தா டக்குனு எழுந்து உட்கார்றா. அதையே பயிற்சியா பண்ணலாமா?

வேண்டாம். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் முழங்கை மூட்டில் எலும்பு லேசாக நழுவிவிடலாம். சின்னக் குழந்தைகளுக்கு இது நடப்பதுண்டு. டாக்டர் ஒரு நொடியில் சரிசெய்துவிடுவார், ஆனால் அதுவரை குழந்தை கையைத் தூக்காமல் அழும்.

நேராக மேலே இழுத்து எழுப்பினால் எழுந்திருக்கும் வித்தையும் குழந்தைக்குப் புரியாது. தானாக எழுந்து உட்காரும் எந்தக் குழந்தையும் மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுவதில்லை. ஒருபக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை அழுத்தி எழும். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் இந்தப் பக்கவாட்டு வழியில் தூக்குங்கள். ஒருபக்கம் திருப்பி, இடுப்பில் ஒரு கை வைத்து, முழங்கை தரையில் அழுந்துமாறு மெல்லக் கொண்டுவாருங்கள். படுக்க வைக்கும்போதும் அதே வழியில் இறக்குங்கள். டயப்பர் மாற்றும்போதே ஒரு நாளைக்கு ஆறேழு தடவை இந்தப் பயிற்சி நடந்துவிடும்.

உட்கார வைக்கிற குட்டி சேர் வாங்கலாமா? வாக்கர்?

தொடையை உள்ளே இறுக்கிப் பிடிக்கும் தரைச் சேரில் முழங்கால் மேலேயும் இடுப்பு கீழேயும் இருக்கும். இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து முதுகு வளைந்துவிடும். குழந்தை உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும், பழகுவது இல்லை. நீங்கள் சாப்பிடும் பத்து நிமிடத்துக்குத் தரையில் வைத்துப் பயன்படுத்தினால் குற்றமில்லை. மேஜைமேலோ கட்டில்மேலோ ஒருபோதும் வைக்காதீர்கள்.

வாக்கர் வேண்டவே வேண்டாம். படியில் உருண்டு விழும், அடுப்பை எட்டும், கொதிக்கும் பாத்திரத்தை இழுக்கும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது.

தூளியில போட்டா மூணு மணி நேரம் தூங்குவான். அதனால உட்கார்றது தள்ளிப் போகுமா?

தூங்கும் நேரத்தால் தள்ளிப்போகாது. விழித்த பிறகும் "சமத்தா கிடக்கான்" என்று தூளியிலேயே விட்டு வைப்பதுதான் சிக்கல். துணி உடம்பைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் புரளவும் முடியாது, கையை ஊன்றவும் முடியாது. கண் திறந்ததும் பாய்க்கு மாற்றுங்கள். சின்னக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் மடங்காமல், முகத்தைத் துணி மூடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குழந்தை எழுந்து உட்கார முயற்சி செய்யும் நாளில் தூளியை அவிழ்த்துவிடுங்கள். தூளியில் எழுந்து எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்த குழந்தைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கம்பி வைத்த மரத்தொட்டில் என்றால் மெத்தையைக் கீழ்மட்டத்துக்கு இறக்குங்கள்.

உட்கார்ந்துட்டே இருந்தவ பின்னாடி சாஞ்சு தலையில அடிபட்டுட்டா. ஏன் பின்னாடி மட்டும் விழறா?

விழும்போது கையை நீட்டித் தாங்கிக்கொள்வது பிறவியிலேயே இருப்பதில்லை. முன்பக்கம் விழுந்தால் கையை நீட்டுவது ஆறு, ஏழு மாதத்தில் வரும். பக்கவாட்டில் ஏழு, எட்டு மாதம். பின்பக்கம்தான் கடைசி, ஒன்பது, பத்து மாதம் ஆகிவிடும். அதனால் உட்காரத் தெரிந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் பின்னால் ஆபத்து உண்டு. ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்ன தலையணை இதற்காகத்தான். சுவர் மூலை, கட்டில் கால், அம்மி பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். குளிப்பாட்டும் தொட்டியில் உட்கார வைத்துவிட்டுத் துண்டு எடுக்கக்கூடத் திரும்பாதீர்கள்.

பாய்மேல் உட்கார்ந்தபடி சாய்ந்து விழுந்து, அழுது, பால் குடித்துப் பழையபடி விளையாடினால் பயமில்லை. மயங்கினாலோ, மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்கில் ரத்தமோ நீரோ வந்தாலோ, தலையில் மெத்தென்று வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டில், தூளி உயரத்திலிருந்து விழுந்தால் ஒன்றும் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆறு மாசம் முடிஞ்சிடுச்சு, இன்னும் உட்காரலை. சோறு ஊட்டலாமா?

ஊட்டலாம், ஊட்டித்தான் ஆக வேண்டும். ஆறு மாதம் முடிந்தால் தாய்ப்பாலோடு இணை உணவும் வேண்டும், இரும்புச்சத்துக்குப் பால் மட்டும் போதாது. தானாக உட்கார வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கழுத்து நின்று, மடியில் நிமிர்த்திப் பிடித்தால் உட்கார்ந்திருந்தால் போதும். படுக்க வைத்தோ மல்லாக்கச் சாய்த்தோ மட்டும் ஊட்டாதீர்கள், புரையேறும்.

குறைமாசத்துல பிறந்தவன். எட்டு மாசம் ஆச்சு, கையை ஊனிதான் உட்கார்றான்.

எத்தனை வாரத்தில் பிறந்தான் என்பதை முதலில் சொல்லுங்கள். 40 வாரத்தில் பிறக்க வேண்டிய குழந்தை 32 வாரத்தில் பிறந்திருந்தால் 8 வாரம் முந்தி வந்திருக்கிறது. எட்டு மாதத்தில் அந்த இரண்டு மாதத்தைக் கழித்தால் ஆறு மாதம். ஆறு மாதக் குழந்தை கை ஊன்றி உட்காருவது சரியான இடம்தான். இப்படிக் கழித்துக் கணக்குப் பார்ப்பதை இரண்டு வயதுவரை செய்கிறோம். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.

ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கு மூளை, தசை சார்ந்த சிக்கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் கணக்குச் சரியாக வந்தாலும், வரச் சொன்ன தேதியில் தொடர்பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

பையன்னா லேட்டாதான் உட்காருவானாம், குண்டா இருந்தாலும் லேட்டாகுமாம். நிஜமா?

ஆண், பெண் வித்தியாசத்தைக் காரணமாகச் சொல்லிக் காத்திருக்காதீர்கள். அப்படிக் காத்திருந்து தாமதமாக வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கொழுகொழு குழந்தை ஒரு சில வாரம் பின்தங்கலாம். "குண்டா இருக்கான், அதான்" என்று ஒன்பது மாதம்வரை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

உரம் விழுந்திருக்கு, அதான் உட்காரலைன்னு சொல்றாங்க. உரம் எடுக்கலாமா?

குழந்தையை ஏடாகூடமாகத் தூக்கியதால் சதை பிசகி, தொட்டால் அழுவதைத்தான் உரம் விழுந்தது என்கிறார்கள். உண்மையிலேயே பிடித்துத் தூக்கும்போது அழுகிறது என்றால் அதற்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல், மேலே சொன்ன முழங்கை நழுவல், காது வலி, வயிற்று வலி என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். புடவையில் போட்டு உருட்டுவது, தலைகீழாகப் பிடித்து உதறுவது இதில் எதற்கும் மருந்தில்லை. உதறினால் குழந்தையின் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

உரம் எடுக்கும் பாட்டி அன்பில்தான் செய்கிறார், எனக்கு அதில் சந்தேகமில்லை. எண்ணெய் தொட்டு மெல்ல நீவிவிடட்டும். உருட்டவும் உதறவும் வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முழங்காலை மடக்கி, பாதம் ரெண்டும் வெளிப்பக்கமா வெச்சு உட்கார்றா. மாத்தணுமா?

சில நேரம் அப்படி, சில நேரம் சம்மணம், சில நேரம் காலை நீட்டி என்று மாற்றி மாற்றி உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள். எப்போதும் அப்படி மட்டும்தான் உட்கார்கிறாள், வேறு மாதிரி உட்கார வைத்தால் விழுகிறாள் என்றால் இடுப்புத் தசை வலுவில்லாமல் அகலமாக முட்டுக் கொடுத்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். காட்டுங்கள்.

சிலர் உட்கார வைக்கவே கூடாது, தானா எழுந்து உட்காரணும்னு சொல்றாங்க. நீங்க பழக்கச் சொல்றீங்க. எது சரி?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஹங்கேரியில் எம்மி பிக்ளர் என்ற குழந்தை மருத்துவர் 1946-இல் புடாபெஸ்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே குழந்தை தானாக எட்டாத எந்த நிலையிலும் அதை வைப்பதில்லை. மல்லாக்கப் போட்டு, தாராளமாக இடம் கொடுத்து, காத்திருப்பார்கள். குழந்தைகள் தங்கள் நேரத்தில் புரண்டு, தவழ்ந்து, உட்கார்ந்தார்கள். மறுபக்கம் கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் தரையில் சின்னக் குழி தோண்டி, முதுகுக்குத் தாங்கலாகக் குழந்தையை அதில் உட்கார வைத்துப் பழக்கினார்கள். அந்தக் குழந்தைகள் சீக்கிரமே உட்கார்ந்தார்கள். பழக்காத தவழ்தல் மட்டும் முந்தி வரவில்லை.

பழக்கினால் பழக்கியது சீக்கிரம் வரும், காத்திருந்தாலும் வரும் என்பதுதான் இதில் எனக்குத் தெரிவது. ஆரோக்கியமான குழந்தைக்கு எந்த வழியும் கெடுதல் இல்லை. நான் பழக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. தினமும் குழந்தையின் இடுப்பில் கை வைத்து உட்காரும் அம்மாவுக்கு, ஒருபக்கம் மட்டும் சாய்கிறது, ஒரு கையை நீட்டுவதே இல்லை, உடம்பு விறைக்கிறது என்பதெல்லாம் டாக்டருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

நல்லா உட்கார்றான், ஆனா தவழவே மாட்டேங்கறான். பத்து மாசம்.

உட்கார்ந்தபடியே பிட்டத்தால் நகர்கிறானா, வயிற்றால் ஊர்கிறானா? எப்படியோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகிறான் என்றால் சரி. முதல் பதிலில் சொன்ன ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழவே இல்லை, நேராக நின்று நடந்தார்கள். எந்த விதத்திலும் நகரவில்லை, பிடித்தாலும் காலை ஊன்றவில்லை என்றால் காட்டுங்கள்.

தூங்கி எழுந்ததும் குனிஞ்சு குனிஞ்சு நிமிர்றான். உட்காரப் பார்க்கிறானா?

இந்தக் கேள்வியைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். ஒரு அப்பா சந்தோஷமாக போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். ஐந்து மாதக் குழந்தை, அப்போதுதான் விழித்திருக்கிறது. தலை சட்டென்று முன்னால் மடங்குகிறது, இரண்டு கையும் விரிந்து மேலே போகின்றன, ஒரு நொடி, பிறகு தளர்கிறது. சில நொடி இடைவெளியில் மறுபடி அதேபோல. "தானா எழுந்திரிக்கப் பழகறான் மேடம்" என்றார். அது பழகுவதில்லை. குழந்தைப் பருவத்தில் வரும் ஒருவகை வலிப்பு. வணக்கம் சொல்வதுபோல் இருப்பதால் சலாம் வலிப்பு என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள், தூங்கி எழும் நேரத்தில், கொத்துக்கொத்தாக வரும்.

உட்கார முயலும் குழந்தை எதையாவது பார்த்து, மெல்லத் தலையைத் தூக்கி, முடியாமல் விழும். அதன் முயற்சி ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும். இது சட்டென்று, ஒரே மாதிரி, அடுத்தடுத்து வரும். சந்தேகம் வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். அடுத்த வாரம் என்று தள்ள வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறதோ அவ்வளவுக்கு மூளை வளர்ச்சியைக் காப்பாற்ற முடியும்.

நல்லா உட்கார்ந்துட்டிருந்தா. இப்ப உட்கார வெச்சா சரிஞ்சு விழறா, சிரிக்கறதும் குறைஞ்சிடுச்சு.

வந்த திறமை போவது, எந்த மாதத்தில் நடந்தாலும், காத்திருக்கக் கூடாத விஷயம். காய்ச்சலில் இரண்டு மூன்று நாள் சோர்ந்து, பிறகு பழையபடி உட்கார்ந்தால் அது வேறு. வாரக்கணக்கில் பின்னால் போகிறது என்றால் பரிசோதனை வேண்டும். சலாம் வலிப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் ஊரில் அடிக்கடி தவறவிடப்படுகிறது: வைட்டமின் பி12 குறைவு. அம்மாவுக்கு அந்தச் சத்து குறைவாக இருந்து, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இது வரலாம். பால், முட்டை, மீன், இறைச்சி மிகக் குறைவாகச் சாப்பிடும் வீடுகளில் கவனம் தேவை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சை ஊசியும் மருந்தும்தான். வேறு காரணங்களும் உண்டு, அவற்றை டாக்டர் பிரித்துப் பார்ப்பார்.

எப்போ டாக்டர்கிட்ட காட்டணும்? எங்க போறது?

நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகும் கட்டைவிரல் உள்ளே மடங்க முஷ்டி மூடியே இருக்கிறது. தூக்கினால் துணிபோல் துவள்கிறது, அல்லது கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னி விறைக்கின்றன. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது. ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், போய்விடுங்கள். "கண்ணு நல்லா பார்க்குது, சிரிக்குது, பேச்சுக் குடுத்தா கேட்குது" என்பதால் தசை நன்றாக இருக்கிறது என்று ஆகாது. முதுகுத்தண்டு நரம்பு செல்கள் நலியும் ஒரு மரபணு நோயில் குழந்தையின் முகம் பளிச்சென்று இருக்கும், உடம்பு மட்டும் துவண்டிருக்கும். அதற்கும் இன்று சிகிச்சைகள் இருக்கின்றன, சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பலன் அதிகம்.

அரசுத் தடுப்பூசி அட்டவணையில் மூன்றரை மாத ஊசிக்குப் பிறகு அடுத்தது ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிதான். நடுவில் இருக்கும் ஐந்தரை மாதத்தில்தான் குழந்தை புரண்டு, ஊன்றி, உட்காருகிறது. அந்தக் காலத்தில் ஊசிக்காகப் போகும் தேவை இல்லாததால் டாக்டர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஆறாவது மாதம் முடியும்போது, ஊசி இல்லாவிட்டாலும், ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கிறீர்களா என்பதையும் அப்போது பேசிவிடலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் என்று ஒரு பிரிவு இருக்கும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் வருவது. கட்டணம் இல்லை. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், காது கேட்கும் திறன் பார்ப்பவர் எல்லாரும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். போகும்போது தாய் சேய் நல அட்டை, பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவே போனில் மூன்று சின்ன வீடியோ எடுத்துவிடுங்கள்: மல்லாக்கப் படுத்திருப்பது, குப்புறக் கிடப்பது, நீங்கள் இடுப்பைப் பிடித்து உட்கார வைப்பது. புது இடத்தில், புது முகங்களுக்கு நடுவில், பசியோடு இருக்கும் குழந்தை வீட்டில் செய்வதில் பாதியைக்கூட எங்களிடம் செய்து காட்டாது.